விற்கிறதில் ஒன்று

நாங்கள் வெள்ளவத்தைக்குக் குடிவந்த முதல் வருடம், சித்திரை வருடப்பிறப்புக்குச் செய்த பலகாரத்தில் ஒரு கிண்ணம் மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஒரு மனுசிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாங்கள் நாலாம் மாடி. புது இடத்தில் நாலு பேரோடு முகம் பழக வேண்டுமே என்பதற்காகச் செய்த வேலை. மறுநாள் காலையில் கிண்ணம் கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. வெறுங்கிண்ணமாகத் திருப்பக்கூடாது என்று உள்ளே ஐந்தாறு கற்கண்டு. அதற்குக் கீழே நாலாக மடித்த ஒரு துண்டுக் கடதாசி. வாழ்த்து எழுதியிருக்கிறார் என்று நினைத்துப் பிரித்தேன்.

‘முறுக்கு: எண்ணெய் பழசு. பயற்றம் பணியாரம்: பயறு இன்னும் கொஞ்சம் வறுபட்டிருக்கலாம். சிப்பிப் பலகாரம்: மிக நல்லது. மினக்கெட்டுச் செய்து தந்ததற்கு நன்றி.’

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. சும்மா கொடுத்ததற்கு யாராவது குறை சொல்வார்களா? கடையில் காசு கொடுத்து வாங்கியதென்றால் நாலு கேள்வி கேட்கலாம். கணவரிடம் கடதாசியை நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு, உண்மையிலேயே எண்ணெய் பழசா என்று கேட்டார். பழசுதான். முந்தின வாரம் வடை சுட்ட எண்ணெயை வடித்து வைத்திருந்தேன். அந்த ஒரு கேள்விக்காக இரண்டு நாள் அவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அந்தக் கட்டடத்தில் எல்லோரும் மூன்றாம் மாடி மனுசியை அக்கா என்றுதான் சொன்னோம். அறுபதைத் தாண்டியிருப்பார். கல்யாணம் செய்யவில்லை. மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட பருத்திச் சேலை, மணிக்கட்டின் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டிய கைக்கடிகாரம். ஆளைப் பார்த்தால் யாரையும் நோகச் செய்கிறவராகத் தெரியாது. குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. ஆனால் மாடிக்கு மாடி அவரால் நொந்துபோனவர்கள் இருந்தார்கள்.

இரண்டாம் மாடிப் பெண்ணின் தங்கை கனடாவிலிருந்து வந்தபோது அக்காவுக்கு ஒரு வாசனைப் போத்தல் கொடுத்திருக்கிறாள். அக்கா அங்கேயே திறந்து, கையில் பூசி, கொஞ்ச நேரம் பொறுத்திருந்து மணந்து பார்த்தாராம். பிறகு, இவ்வளவு தூரம் எனக்காகச் சுமந்து வந்தது பெரிய விசயம், ஆனால் இது எனக்குத் தலையிடி தருகிறது, வேறு யாருக்காவது பயன்படும் என்று சொல்லிப் போத்தலைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். இரண்டாம் மாடிப் பெண் இதை என்னிடம் சொல்லும்போது அது நடந்து ஆறு வருடம். நேற்று நடந்ததுபோல மூக்கு விடைக்கச் சொன்னாள்.

அவர் வேலை பார்த்தது தேயிலைத் தரகர் கம்பனி ஒன்றில். தோட்டங்களிலிருந்து வரும் தேயிலையை வரிசையாகக் கோப்பைகளில் ஊற்றி, சுவை பார்க்கிறவர்கள் உறிஞ்சித் துப்பிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு கோப்பைக்கும் அவர்கள் சொல்லும் இரண்டு மூன்று சொற்களைப் பின்னால் நின்று எழுதி, பிறகு தட்டச்சுச் செய்வது அக்காவின் வேலை. இருபத்தேழு வருடம் அதைத்தான் செய்தார். துண்டுக் கடதாசியில் எழுதும் பழக்கம் எங்கிருந்து வந்ததென்று அதை அறிந்தபோதுதான் எனக்கு விளங்கியது. கோபம் முழுதும் போகவில்லை, பாதி போனது.

அந்தக் கம்பனியைப் பற்றி அவர் அதிகம் சொன்னதில்லை. ஒருமுறை மட்டும், ஒரு தோட்டத் துரை வருடமுடிவில் அழகான பெட்டியில் தேயிலை அனுப்புவார் என்றும், சுவை பார்க்கும் பெரியவர் அந்தப் பெட்டியைக் கோப்பை வரிசைக்குக் கிட்டவும் விடமாட்டார் என்றும் சொன்னார். வரிசையில் வைப்பதை மூட்டையைக் குத்தி எடுக்க வேண்டும். பெட்டியில் வந்ததை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். "பரிசெண்டா விழுங்கலாம். சாம்பிள் எண்டாத் துப்போணும்" என்றார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

கோயில் அன்னதானக் கதை இன்னும் மோசம். எங்கள் ஒழுங்கைக்குக் கிட்ட இருந்த சிறு கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை பந்தி நடந்துகொண்டிருந்தது. நானும் பிள்ளைகளும் இருந்தோம். அக்கா முதல் வாய் சாம்பாரை வைத்துவிட்டு எழும்பி நேரே பரிமாறுகிறவர்களிடம் போனார். சாம்பார் பழுதாகிவிட்டது, அண்டாவை மூடுங்கள் என்று சொன்னார். பிரசாதத்துக்குக் குறை சொன்னால் எங்கள் சனம் விடுமா? அன்னதானம் கொடுத்தவரின் மனைவி பட்டுச்சேலை சரசரக்க வந்து, சாமி பேரில் கொடுப்பதைப் பற்றி இப்படிக் கதைக்கலாமா என்று சண்டைக்கு நின்றாள். "சாமிக்குக் குறை சொல்லேல்லை. அண்டாவுக்குச் சொன்னனான்" என்றார் அக்கா. கடைசியில் ஐயர் ஒரு கரண்டி எடுத்து மணந்து பார்த்துவிட்டு அண்டாவை அப்புறப்படுத்தச் சொன்னார். அன்றைக்கு என் மகளுடைய இலையில் சாம்பார் ஊற்றப்பட்டு, அவள் கை வைக்கவிருந்தாள். அதற்காக நான் அக்காவுக்கு நன்றி சொல்லவில்லை. பட்டுச்சேலைக்காரி பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கணவனின் கடையில் எங்களுக்குக் கொஞ்சம் கடன் சொல்லக்கூடிய பழக்கம் இருந்தது. என்னுடைய தைரியம் எப்போதும் அவ்வளவுதான்.

பிறகு எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. காலையில் மின்சாரம் போகும், மாலையில் போகும், லிப்ட் நடுவில் நிற்கும். வேலை போன வீடுகள் கொழும்பில் கணக்கில்லை. என் கணவர் வேலை பார்த்த கட்டட நிறுவனமும் அப்போதுதான் மூடப்பட்டது. வீட்டுக்கு வீடு பெண்கள் சமைத்து விற்கத் தொடங்கினார்கள். ஒருத்தி இடியப்பம், ஒருத்தி ரோல்ஸ், ஒருத்தி பிரியாணி. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்த பெண்கள் சேர்ந்து முகநூலில் ஒரு குழு வைத்திருந்தார்கள். விற்கிறவர்கள் தங்கள் சாமானில் ஒன்றை இலவசமாக யாருக்காவது அனுப்புவார்கள். வாங்கினவர் சாப்பிட்டுவிட்டுக் குழுவில் மதிப்புரை எழுத வேண்டும். அதுதான் அங்கே விளம்பரம்.

மதிப்புரை என்று பெயர்தான். பெட்டியைத் திறக்கும் முன்பே படம் எடுத்து, மூன்று இதயம் போட்டு, வேற லெவல் என்று எழுதிவிடுவார்கள். நாளைக்கு அவளும் ஏதாவது விற்கக்கூடும், அப்போது இவள் எழுத வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு நடுவே யாரோ ஒருத்தி அக்காவுக்கும் ஒரு பார்சல் அனுப்பினாள். அக்கா எழுதினார். குழு மூச்சை அடக்கிக்கொண்டு வாசித்தது.

அவர் எழுதும் முறை இப்படி. முதல் வரி எப்போதும், ‘இது எனக்கு இலவசமாக வந்தது.’ இரண்டாவது வரி, செய்தவரைத் தனக்கு எப்படித் தெரியும் என்பது. பிறகு, எப்போது சாப்பிட்டேன் என்பது. எதையும் இரண்டு தரம் சாப்பிடுவார், வந்தவுடன் ஒருமுறை, மறுநாள் ஒருமுறை. அதற்குப் பிறகு நல்லது. கடைசியில் குறை. குறையை மட்டும், எழுதுவதற்கு முன்பே செய்தவளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிடுவார். ஊருக்குத் தெரிய முன் செய்தவளுக்குத் தெரிய வேண்டும் என்பது அவருடைய சட்டம். திருத்த முடியாத குறையை எழுதவே மாட்டார். அப்படியானதற்கு மதிப்புரையும் எழுதாமல், பொருளின் விலையைக் கொடுத்தனுப்பிவிடுவார்.

முதலில் திட்டினார்கள். ஆனால் சாப்பாடு வாங்குகிறவர்கள் மடையர்களில்லை. அக்கா நல்லது என்று எழுதியது உண்மையிலேயே நல்லதாக இருந்தது. மூன்று மாதத்தில், மூன்றாம் மாடி அக்கா என்ன சொன்னார் என்று கேட்டுத்தான் ஓடர் கொடுத்தார்கள். பென்சன் எடுத்து, தனியாக, கடல் காற்றில் துருப்பிடித்த யன்னல் கம்பிக்குள்ளே இருந்த ஒரு மனுசிக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. லிப்டில் யாராவது, அக்கா நீங்கள் எழுதின அந்தக் கட்லட் வாங்கினேன் என்று சொன்னால், அவர் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வரும். அந்த ஒன்றைத் தவிர அவருக்கென்று இந்த ஊரில் வேறொன்றும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் செய்தேன்.

நான் பட்டர் கேக் செய்து விற்பதென்று முடிவெடுத்தேன். கை நல்ல கை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. பட்டர் விற்ற விலைக்கு முழுக்கப் பட்டர் போட்டு யாராலும் விற்க முடியாது. பாதி பட்டர், பாதி மாஜரின். கொஞ்சம் எசன்ஸ் கூட விட்டால் முதல் நாள் வித்தியாசம் தெரியாது. பேர் மட்டும் பட்டர் கேக். இதை எல்லோரும்தான் செய்தார்கள்.

அக்காவிடம் போய், எனக்கு ஒரு மதிப்புரை எழுத வேண்டும் என்று கேட்டேன். அவர் உடனே சம்மதித்தார். ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"எனக்கெண்டு தனியாச் செய்யாதையும். விக்கிறதில ஒண்டைத் தாரும்."

ஓம் அக்கா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வந்து என்ன செய்தேன்? முழுக்கப் பட்டர் போட்டு அவருக்கென்று தனியாக ஒரு கேக் அடித்தேன்.

ஏமாற்றவேண்டும் என்று நினைத்துச் செய்தேனா என்று என்னையே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். சத்தியமாக அப்போது அப்படித் தோன்றவில்லை. மற்றவருக்குக் கொடுப்பதென்றால் இருப்பதில் நல்லதை எடுத்துக் கொடு என்றுதான் அம்மா என்னை வளர்த்தார். வீட்டுக்கு வருகிறவருக்கு மீனின் நடுத்துண்டு, எங்களுக்கு வால். விற்கிற சாமான் ஒன்று, கொடுக்கிற சாமான் இன்னொன்று. வயதில் மூத்த ஒரு மனுசிக்கு மாஜரின் கலந்ததைக் கொடுக்கக் கை வரவில்லை. கை வரவில்லை என்பது உண்மை. அவர் நன்றாக எழுதினால் ஓடர் வரும் என்று உள்ளுக்குள் ஒருத்தி தெரிந்து வைத்திருந்ததும் உண்மை. இரண்டு பேரும் ஒரே ஏப்ரனைக் கட்டிக்கொண்டுதான் நின்றார்கள்.

இரண்டு நாள் கழித்து அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. மேற்பக்கம் ஒரு நிறம் கூடிப்போய்விட்டது, ஓவனில் ஒரு தட்டு இறக்கி வைக்கச் சொன்னார். அன்று பின்னேரம் குழுவில் எழுதினார். ‘இது எனக்கு இலவசமாக வந்தது. செய்தவர் எனக்கு மேல்மாடி. பட்டர் கேக் என்ற பேருக்குப் பொருத்தமான கேக் சாப்பிட்டுக் கனகாலம். மறுநாளும் பட்டர் மணம் நிற்கிறது. மாஜரின் கலப்பு இல்லை. மேற்பக்கம் சற்றுக் கருகல், சொல்லியிருக்கிறேன், திருத்துவார்.’

மாஜரின் கலப்பு இல்லை என்ற வரியை வாசித்ததும் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். ஆனால் அரை மணித்தியாலத்தில் பதினொரு ஓடர் வந்தது. அந்த வரியை மறந்துபோனேன். கணவர் மாதக்கணக்கில் முதல்முறையாகச் சிரித்தார். அவரே மா சலித்துத் தந்தார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண் தேவாலயத்தில் தன் மகள் முதல் நன்மை வாங்கிய நாள் விருந்துக்கு மூன்று கேக் வாங்கினாள். விருந்துக்கு வந்த எல்லோர் முன்னாலும் அவளுடைய மாமியார் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, இது மாஜரின், உனக்குப் பட்டர் எது என்றுகூடத் தெரியாதா என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் வெட்கமும் கோபமும் தாங்காமல் குழுவில் எழுதினாள். என்னைக்கூட அவள் அவ்வளவு திட்டவில்லை. ஓசியில் வாங்கித் தின்றவர் எழுதியதை நம்பினேன், எனக்கு வேண்டும் என்று முடித்திருந்தாள்.

அவ்வளவுதான், மூடி திறந்தது. வருடக்கணக்காகத் துண்டுக் கடதாசி வாங்கியவர்கள், பணியாரத்துக்குக் குறை கேட்டவர்கள், எல்லோரும் வந்தார்கள். நேர்மை நேர்மை என்று கடைசியில் ஒரு கேக்குக்கு விலைபோய்விட்டார் என்று ஒருத்தி. இரண்டாம் மாடிக்காரி, எங்களுக்கும் அனுபவம் உண்டு என்று மட்டும் எழுதி, வாசனைப் போத்தல் கதையை யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தாள். நான் ஒன்றும் எழுதவில்லை. கிறிஸ்மஸ் ஓடர்கள் குவிந்துகொண்டிருந்த நேரம் அது. சனங்கள் கோபமாக இருந்தது அக்காவோடு. கேக் மலிவு, மென்மையாகவும் இருந்தது, வாங்குவதை அவர்கள் நிறுத்தவில்லை.

மறுநாள் காலையில் அக்கா பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போயிருக்கிறார். அந்தப் பெண்ணின் வீட்டைக் கேட்டு விசாரித்துக் கண்டுபிடித்து, மிச்சம் இருந்தால் ஒரு துண்டு தாருங்கள் என்று வாசலில் நின்று வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். "நீங்கள் எழுதினது சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறார். இதை அந்தப் பெண்ணே பிற்காலத்தில் என்னிடம் சொன்னாள். அவள் இப்போது என் நிரந்தர வாடிக்கையாளர்.

பதினொரு மணிபோல அக்கா எங்கள் வீட்டு மணியை அடித்தார். நான் கேக் அடித்துக்கொண்டிருந்தேன். கணவர் சாமான் கொடுக்க வெளியே போயிருந்தார். சாப்பாட்டு மேசையில் முட்டைக் கோது, மா, சீனி, நடுவில் திறந்தபடி மாஜரின் டப்பா. மறைக்க நேரம் இருக்கவில்லை. அவர் அதைப் பார்த்தார். கதிரையை இழுத்து இருந்தார்.

"எனக்குத் தந்ததுக்கு என்ன போட்டனீர்?"

"முழுக்கப் பட்டர், அக்கா."

"அப்ப என்ர நாக்குப் பிழைக்கேல்லை" என்றார், தனக்குத்தானே. அதைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது, பஸ்ஸில் போய் வந்த அவ்வளவு நேரமும் அவர் என்னைச் சந்தேகப்படவில்லை, தன் நாக்கைத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்.

நான் அழத் தொடங்கினேன். உங்களுக்குத் தருவதை எப்படிக் குறைத்துச் செய்வது, அது மரியாதை இல்லையே என்று என்னவெல்லாமோ சொன்னேன்.

"மரியாதை செய்து என்னைப் பொய்க்காரி ஆக்கிப்போட்டீர், பிள்ளை" என்றார். கோபத்தோடு சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். முறுக்கில் எண்ணெய் பழசு என்பதை எந்தக் குரலில் சொல்வாரோ அதே குரலில் சொன்னார்.

பிறகு என்ன செய்ய வேண்டும் என்று அவரே சொன்னார். அவர் குழுவில் உண்மையை எழுதினால் என்னிடம் இனி யாரும் வாங்கமாட்டார்கள். நானே எழுதினால் மன்னிப்பார்கள். இரண்டு வரி போதும். அக்காவுக்குக் கொடுத்தது வேறு, விற்றது வேறு, பிழை என்னுடையது. இனிப் பாதிப் பட்டர் என்று சொல்லியே விற்கலாம், அதையும் வாங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுப்பதாகச் சொன்னார். ஞாயிறு வரை எழுதாவிட்டால் தான் எழுதுவேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அதைச் சொல்லவில்லை. "உமக்கும் ரெண்டு பிள்ளையள்" என்று மட்டும் சொல்லி எழும்பினார்.

மூன்று தரம் எழுதினேன். மூன்று தரமும் அழித்தேன். கணவரிடம் சொன்னபோது, கிறிஸ்மஸ் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அவர்மேல் பழியைப் போடமாட்டேன். அவர் அப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவரிடம் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை குழுவின் தலைவி தொலைபேசி எடுத்தாள். தெஹிவளையில் இருப்பவள், பெரிய கெட்டிக்காரி. குழுவில் சண்டை முற்றிப்போய்விட்டது, ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்றாள்.

"அவ உங்களிட்டக் கேட்டு வாங்கினவவோ, நீங்களாக் குடுத்தனீங்களோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

கையில் மாக் கரண்டி இருந்தது. ஓவனில் நாலு கேக் இருந்தது. யோசித்தேன் என்று சொல்லமுடியாது.

"ஒண்டைத் தாரும் எண்டு கேட்டவ" என்றேன்.

அவர் சொன்ன சொல்தான். ஒரு எழுத்தும் கூட்டவில்லை. முன்னால் இருந்த ‘விக்கிறதில’ என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டேன்.

அன்று பின்னேரமே அக்காவைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். சிலர் இலவசமாகப் பொருள் கேட்டு வாங்கி மதிப்புரை எழுதுவதாக அறிகிறோம், குழுவின் நற்பெயர் கருதி என்று தலைவி ஒரு அறிவித்தல் போட்டாள். அதற்கு நூற்றுக்கணக்கில் கைதட்டு வந்தது. நானும் ஒன்று போட்டேன். போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று யாராவது கவனிக்கக்கூடும் என்று பயமாக இருந்தது.

ஞாயிறு வந்தது, போனது. அக்கா எங்கேயும் ஒன்றும் எழுதவில்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை லிப்டில் என்னைக் கண்டபோது, மகளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை எப்போது என்று கேட்டார். திட்டுவார், முகத்தைத் திருப்புவார் என்றெல்லாம் பயந்திருந்த எனக்கு அந்தக் கேள்வி செருப்படிபோல இருந்தது. தை மாதம் அக்கா என்றேன். நல்லாச் செய்வா என்று சொல்லிவிட்டு மூன்றாம் மாடியில் இறங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் யாரும் அவருக்குப் பலகாரம் கொடுக்கவில்லை. கொடுத்தால், ஓசியில் கேட்டு வாங்குகிறவருக்குப் பிறகும் கொடுக்கிறாள் என்ற பேச்சை யார் கேட்பது? லிப்டில் யாரும் கட்லட் வாங்கிய கதை சொல்லவில்லை. எப்போதாவது பின்னேரங்களில் ரயில் பாதைக்குக் கிட்ட அவர் தனியாக நடந்து போவதை என் யன்னலிலிருந்து பார்ப்பேன். உடனே உள்ளே வந்துவிடுவேன்.

அடுத்த வருடம் தொடக்கத்திலிருந்து நான் முழுக்கப் பட்டர்தான் போடுகிறேன். ஒரு கரண்டி மாஜரின்கூட இல்லை. இலாபம் குறைந்தது, பரவாயில்லை என்று கணவரிடம் சண்டை பிடித்துச் செய்தேன். வாடிக்கையாளர்களில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முன்னைப்போலவே மூன்று இதயம் போட்டு வேற லெவல் என்று எழுதுகிறார்கள். இப்போது எனக்கும் மற்றவர்கள் பெட்டி பெட்டியாக அனுப்புகிறார்கள், எழுதச் சொல்லி. நானும் எழுதுகிறேன். என்ன எழுதுகிறேன் என்று கேட்காதீர்கள்.

இரண்டு வரி எழுதமாட்டாமல் விட்டவள் இப்போது இவ்வளவு பக்கம் எழுதுகிறேன். அதிலும் அவர் பெயரைப் போடவில்லை. பெயரைப் போட்டால் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு அந்தக் குழுவிலும் பகிர்வார்கள். அப்படி நடக்கட்டும் என்று நினைக்கும் துணிவு இன்றைக்கும் எனக்கு இல்லை.

அவர் சிட்னியில் இருக்கும் தங்கை மகனோடு போய் இருக்கப்போகிறார் என்று காவலாளி சொல்லித்தான் எனக்குத் தெரியும். புறப்படுவதற்கு முதல் நாள் காலையில் ஒரு கேக் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு இறங்கினேன். அன்று விற்க அடித்த பத்தில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்த ஒன்று. அதை அவருக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் எனக்கு எண்ணம். அவர் சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்ல வேண்டும். அதற்காகவே போனேன்.

கதவைத் திறந்தார். பின்னால் வீடு வெறுமையாக இருந்தது, இரண்டு பயணப் பெட்டிகள் மட்டும். இது விற்கிறதில் ஒன்று அக்கா, தனியாகச் செய்யவில்லை, இப்போது எல்லாமே முழுக்கப் பட்டர்தான் என்று படபடவென்று சொன்னேன். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார்.

"சாப்பிட்டுப் பாத்து எப்பிடியெண்டு சொல்லுங்கோ அக்கா" என்றேன்.

அவர் பெட்டியைத் திறக்கவில்லை. மணந்துகூடப் பார்க்கவில்லை. முன்பின் தெரியாத ஒருத்திக்குச் சிரிப்பதுபோல நன்றாகச் சிரித்தார்.

"நீர் செய்தது, பிறகென்ன. நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.